புதிதாகக் குடிவந்தவர் முதலில் ஏறும் படி



ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பது வணிகர்களுக்குப் புதிய காரியம் அல்ல. நம்மில் இன்று கடை நடத்துகிற பலரும், அல்லது அவர்களுடைய தகப்பனாரோ பாட்டனாரோ, ஏதோ ஒரு வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு புதுச்சேரி பஸ் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள்தாம். அப்படியிருந்தும், இன்று நம் கடை வாசலில் பழக்கமில்லாத ஒரு முகம் வந்து நின்றால், "யார் இவர், எந்த ஊர், எத்தனை நாள் இருப்பார்?" என்று சந்தேகத்தோடு பார்க்கிற வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. இது வியாபாரத்துக்கும் நல்லதல்ல, ஊருக்கும் நல்லதல்ல என்பது எங்கள் அபிப்பிராயம். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் குடியிருப்பது தேங்காய்த்திட்டில். திட்டு என்றால் நீர் சூழ்ந்த மேட்டு நிலம். அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தை ஒட்டி, ஒரு பக்கம் அலையாத்திக் காடும் ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகமுமாக இருக்கிற பகுதி இது. நாங்கள் வந்த காலத்தில் மரப்பாலம் தாண்டி உள்ளே திரும்பினால் கிராமத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இன்று அப்படி இல்லை. அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. வாடகைக்கு வருகிறவர்களில் ஆஸ்பத்திரி ஊழியர் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த ஒடிசா, வங்காளம், பீகார் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

குடிவந்த அன்றைக்குச் சாயங்காலம் இவர்களுக்கு என்ன தேவைப்படும்? பால், உப்பு, தீப்பெட்டி, துடைப்பம், வாளி, ஒரு கிலோ அரிசி. ஆக, புதிய ஊரில் ஒருவர் முதலில் ஏறுகிற படி கோயில் படியும் அல்ல, ஆபீஸ் படியும் அல்ல. மளிகைக் கடைப் படிதான். ஊர் தம்மை எப்படி நடத்தும் என்பதை அவர் அங்கேதான் முதலில் தெரிந்துகொள்கிறார். நமக்கு இருக்கிற இந்தப் பெரிய பொறுப்பை நாம் உணர்ந்திருக்கிறோமா என்பதே கேள்வி.

சரக்கின் பேரும் ஊரின் நாளும்

நாங்கள் அண்ணன் தம்பி இருவராக 1986இல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தோம். பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி ஆகியவற்றை மொத்தமாக வரவழைத்துச் சில்லரைக் கடைகளுக்குப் போடுவது தொழில். தமிழ்நாட்டிலிருந்து தமிழ் பேசும் ஊருக்குத்தானே வருகிறோம், என்ன கஷ்டம் என்றுதான் புறப்பட்டோம். வந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் தமிழ் இந்த ஊர்க் கடைவீதியில் பாதிதான் செல்லுபடியாகும் என்று. எங்களுக்குப் பலசரக்கு, இங்கே மளிகை. நாங்கள் சீனி என்றால் இங்கே சர்க்கரை. நாங்கள் மல்லி என்றால் இங்கே தனியா. நிலக்கடலை கேட்டு வந்த ஓர் அம்மாளுக்கு அது புரிய வேண்டுமானால் மல்லாட்டை என்று சொல்ல வேண்டும். மணிலாக்கொட்டை என்பதுதான் வாய்வழக்கில் மல்லாட்டை ஆயிற்று என்று ஒரு பெரியவர் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

இதற்கு மேல் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற சொற்கள் வேறு. நகராட்சிக் கட்டடத்தை மெரி என்பார்கள். அந்த மெரி 2014 மழையில் இடிந்து விழுந்து, திரும்பக் கட்டி 2021இல் திறக்கப்பட்டது. பெயர் மட்டும் இடியவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் சொல்தா. எங்கள் பக்கத்துத் தெரு இங்கே வீதி. பில்லில் தெரு என்று எழுதி அனுப்பினால், "அண்ணாச்சி, இது வீதி" என்று திருத்தி அனுப்புவார் ஒரு கடைக்காரர்.

அந்த அண்ணாச்சி என்ற சொல்லைக் கவனியுங்கள். அது இந்த ஊர்ச் சொல் அல்ல. தென்மாவட்டத்திலிருந்து கடை போட வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்தது. இன்று இந்த ஊர்க் குழந்தைகூட மளிகைக் கடைக்காரரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது. நாம் ஊரின் சொற்களைக் கற்றுக்கொண்டோம். ஊர் நம்முடைய ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. கொடுக்கல் வாங்கல் என்பது சரக்கிலும் பணத்திலும் மட்டும் நடப்பதல்ல.

சொல்லுக்கு அடுத்தது நாள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. அது அச்சடித்துக் கிடைக்காது. அன்றைக்கு முதலியார்பேட்டையைச் சுற்றி மில் சம்பள நாள்தான் கடைக்காரரின் திருநாள். 1898இல் தொடங்கிய ஏ.எப்.டி. மில் சங்கு ஊதினால்தான் அந்தப் பகுதியில் பொழுது விடியும். (அந்த மில் 2020இல் மூடப்பட்டதும், அதை நம்பியிருந்த கடைகள் பட்ட பாடும் நாம் அறிந்ததே.) மாசி மகத்துக்கு மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறபோது எவ்வளவு சரக்கு போகும், வில்லியனூர்த் தேருக்கு முன் எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை அனுப்ப வேண்டும், நவம்பர் 1 விடுதலை நாள் இங்கே விடுமுறை, ஆகையால் லாரியை எப்போது வரவழைக்கலாம் – இவற்றைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு முழுசாக இரண்டு வருஷம் பிடித்தது. ஓர் ஊரின் சம்பள நாள் எது, திருவிழா நாள் எது என்று மனசில் பதிந்துவிட்டால் அங்கே பாதி குடியேறியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

பாக்கி நிற்கிற ஊர்

மீதிப் பாதி எப்படி வந்தது? சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். கடன் கொடுத்ததால் வந்தது.

மொத்த வியாபாரி ரொக்கத்துக்கு மட்டும் விற்க முடியாது. கடைக்காரர் சரக்கை எடுத்து, விற்று, அடுத்த வாரம் பணம் தருவார். அதற்குள் இன்னொரு லோடு கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றாவது வருஷம் பேரேட்டைப் புரட்டினால் முப்பது நாற்பது கடைகளில் எங்கள் பணம் நிற்கிறது. ஊரில் தாயாருக்கு உடம்பு சரியில்லை, திரும்பிப் போய்விடலாமா என்று அப்போது யோசித்தோம். போக முடியவில்லை. வசூல் செய்ய நின்றோம். வசூல் ஆனதும் புதுப் பாக்கி விழுந்தது. பாக்கி நிற்கிற ஊரை யாரும் விட்டுப் போவதில்லை. கடன் கொடுத்தவனும் வாங்கினவனும் ஒருவர் முகத்தை ஒருவர் வாரம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பார்க்கப் பார்க்க வீட்டு விசேஷம் தெரிகிறது, குழந்தை பேர் தெரிகிறது, நோய்நொடி தெரிகிறது.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது மரியாதைக்காக இருக்கலாம். ஒரு நாள் விடியற்காலையில் ஒரு கடைக்காரரின் தகப்பனார் இறந்துவிட்டார் என்று எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். துக்கச் செய்தி சொல்லி அனுப்புகிற பட்டியலில் எங்கள் பெயரும் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் வெளியூர்க்காரர்கள் அல்லர்.

இந்த ஊரே வந்தவர்களால் ஆனது

எங்கள் கதை ஒன்றும் பெரிதல்ல. நம் கடைவீதியின் வரலாற்றைப் பாருங்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. அந்த ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் பிறந்தவர் அல்லர். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். இங்கே செல்வாக்கோடு இருந்த உறவினர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பின்பேரில் குடும்பத்தோடு வந்தார். மகன் இங்கேயே வளர்ந்து, வியாபாரம் செய்து, டூப்ளே கவர்னராக இருந்த காலத்தில் 1747இல் தலைமை துபாஷி ஆனார். பெரிய உத்தியோகம் பார்த்தாலும் பாக்குக் கிடங்கை அவர் விடவில்லை. 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும்வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பில் அந்தப் பாக்குக் கிடங்கு திரும்பத் திரும்ப வருகிறது. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, ஊரில் என்ன பேச்சு என்று ஒரு வணிகர் தம் கணக்குப் போலவே எழுதிய குறிப்பு அது. இன்று பழைய புதுச்சேரியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு மளிகைச் சரக்கு வியாபாரி எழுதியதை வைத்துத்தான் இந்த ஊர் தன் பழைய முகத்தைப் பார்த்துக்கொள்கிறது.

அடுத்து, வந்தவரை வைத்துக்கொண்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1908இல் ஆங்கிலேயரின் பிடியிலிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு வந்தார். பத்து வருஷம் இங்கே இருந்து 1918இல் புறப்பட்டுப் போனார். கையில் காசு கிடையாது. வீட்டைச் சுற்றி ஆங்கிலேயரின் உளவாளிகள். இப்படிப்பட்டவருக்கு வீடு கொடுக்க எவர் துணிவார்? ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அழைத்தார்கள் என்பதும், வாடகைப் பாக்கிக்காக அவர் பாரதியாரை நெருக்கியதில்லை என்பதும் வ.ரா. எழுதிய பாரதியார் வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும். இன்னொருவர் கிருஷ்ணசாமிச் செட்டியார் என்ற இளைஞர். பாரதியார் அவருக்கு வெல்லச்சு என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். முத்தியாலுப்பேட்டையில் அவருடைய தோப்பில்தான் குயில் பாட்டு பிறந்தது என்பார்கள். விளக்கெண்ணெய் ஒருவர், வெல்லம் ஒருவர். இரண்டும் நம் கடையில் இருக்கிற சரக்குதான்!

இதே ஊர்க்காரர்கள் வெளியே போன கதையும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்கு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் ஏராளம். அங்கே காலம் மாறியபோது திரும்பி வந்தவர்களும் உண்டு. பிரான்சுக்குப் போய்விட்டவர்களும் உண்டு. இன்று பாரிசு நகரில் லா சப்பல் என்ற பகுதிக்குப் போனால், 1980களில் போர் காரணமாக ஊரைவிட்டு வந்த ஈழத் தமிழர்கள் நடத்துகிற மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மிளகாய்த்தூளும் அங்கே கிடைக்கின்றன. பாரிசில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளும் வார விடுமுறையில் அந்தக் கடைகளைத்தான் தேடிப் போகிறார்கள். குளிர் தேசத்தில், பாஷை தெரியாத ஊரில், "என்ன தம்பி, எந்த ஊர்?" என்று ஒரு கடைக்காரர் தமிழில் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளைக்கு அங்கே கிடைக்கிற அந்த ஒரு வார்த்தையை, இங்கே வந்திருக்கிற இன்னொருவர் பிள்ளைக்கு நாம் கொடுக்கிறோமா?

தயக்கமும் பதிலும்

"கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாடகைக்காரர் நாளைக்கே காலி செய்துகொண்டு போய்விடுவார். பாக்கியை யாரிடம் கேட்பது?" என்று சில்லரைக் கடை நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓடிப்போனவர்கள் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால், எங்கள் பேரேட்டில் வராக்கடன் என்று எழுதித் தள்ளிய பெயர்களை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தோம். அதில் புதிதாக வந்தவர்களைவிடப் பல வருஷம் பழகியவர்களும், சொந்தக்காரர்களும்தான் அதிகம். புதியவர் பயந்து அளவாக வாங்குவார். பழகியவர் உரிமையோடு அளவு மீறுவார். ஆபத்து புதுமையில் இல்லை. அளவில்லாமல் கொடுப்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஒரு காலத்தில் பல பொருள்களுக்கு விற்பனை வரி தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் குறைவு. கடலூர், விழுப்புரத்திலிருந்து சாமான் வாங்க இங்கே வருவார்கள். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எல்லா ஊரிலும் ஒரே வரி. விலையைக் காட்டி ஆளை இழுக்கிற வழி நமக்குக் குறைந்துவிட்டது. பெரிய கடைகள் குளிர்சாதனம் போட்டுக் காத்திருக்கின்றன. கைப்பேசியில் தட்டினால் சாமான் வீட்டு வாசலுக்கு வருகிறது. யார் இப்படித் தட்டுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஊரில் யாரையும் தெரியாதவர்கள்தாம் அதிகம். கடைக்கு வந்து, முறைத்துப் பார்க்கப்பட்டு, சொல் புரியாமல், சில்லரை இல்லை என்று விரட்டப்பட்டவருக்குக் கைப்பேசி மரியாதையானதாகத் தெரிகிறது. முதல் வாரத்தில் நம் படியிலிருந்து மனம் கசந்து இறங்கிய வாடிக்கையாளர் பிறகு ஏறமாட்டார். அவர் மாதம் நாலாயிரம் ரூபாய்ச் சாமான் வாங்குகிறவர் என்றால், வருஷத்துக்கு 48,000 ரூபாய் வியாபாரத்தை ஒரு முகச்சுளிப்பில் தொலைத்தோம்.

கைப்பேசியால் முடியாத காரியமும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கரண்ட் இல்லை, வீதியெல்லாம் வெள்ளம். எந்த வண்டியும் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் வந்து கதவைத் திறந்து, மெழுகுவர்த்தியும் பால்பவுடரும் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுத்தது வீதிமுனைக் கடைக்காரர்தான். கைப்பேசியில் பணம் அனுப்ப வழியில்லாத அந்த நாளில், "எழுதிக்கொள்கிறேன், அப்புறம் கொடுங்கள்" என்று சொன்னவரும் அவர்தான். அந்த இரண்டு நாளில் எத்தனையோ புதுக் குடித்தனக்காரர்கள் வீதிமுனைக் கடைக்காரரின் பெயரை முதன்முதலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதற்கு ஒரு புயல் வரவேண்டியிருந்தது என்பதுதான் நமக்குக் குறை.

நாம் செய்யக்கூடியவை

செலவில்லாமல் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, விலை. பாஷை தெரியாதவர் என்று ஒரு ரூபாய் கூட்டிச் சொல்வது சிலரிடம் இருக்கிற கெட்ட பழக்கம். அது நம் எல்லோர் பேரையும் கெடுக்கிறது. விலைப்பலகை எழுதி மாட்டுங்கள். எண்ணைப் படிக்கப் பாஷை தேவையில்லை.

இரண்டாவது, சரக்கு. வங்காளத்துக்காரர் மீன் பொரிக்கக் கடுகு எண்ணெய் தேடுவார். பீகார்க்காரருக்குக் கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் வேண்டும். சிறு பாட்டில், சிறு பாக்கெட்டாக நாலு வைத்துப் பாருங்கள். மூட்டையாக எடுக்கத் தயங்குகிற கடைகளுக்கு ஐந்து கிலோ, பத்து கிலோவாகப் பிரித்துக் கொடுக்க மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் முன்வர வேண்டும். எங்கள் கிடங்கில் அப்படித்தான் கொடுத்து வருகிறோம்.

மூன்றாவது, கடன். எடுத்த எடுப்பில் பெரிய நோட்டுப் போட வேண்டாம். முதல் மாதம் ஐந்நூறு ரூபாய் என்று எல்லை வைத்து, ஒரு சின்னச் சிட்டைப் புத்தகம் கொடுங்கள். சொன்ன தேதியில் தீர்த்தால் அடுத்த மாதம் ஆயிரம். நம்பிக்கையும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்முதல் ஆகும்.

நான்காவது, விவரம். கேஸ் ஏஜென்சி எங்கே, டாக்டர் யார், தண்ணீர் எந்த நேரத்தில் வரும், எந்தப் பஸ் எங்கே போகும் என்று கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள். சாமான் வாங்காமல் கேட்டாலும் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பெயர். "ஏய் பையா" என்று கூப்பிடுவதை விட்டுவிடுவோம். பெயரைக் கேட்டு, மறுமுறை அந்தப் பெயரால் கூப்பிட்டால் போதும்.

புதிதாகக் கடை போட வந்திருக்கிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் தானாக உங்களைக் கட்டிக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம். ஊர்ச் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவானாலும் மாதா தேர்ப்பவனியானாலும் பள்ளிவாசல் கந்தூரியானாலும் வசதிக்கேற்ற நன்கொடையோடு நேரில் போய் நில்லுங்கள். துக்க வீட்டுக்கு அழைப்புக்குக் காத்திராமல் போங்கள். சங்கக் கூட்டத்தில் பின்வரிசையிலாவது வந்து உட்காருங்கள். எங்கள் ஊரில் இப்படி, எங்கள் ஊரில் அப்படி என்று பிறந்த ஊரோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு ஊரும் கைவிட்டுப் போகும். பிறந்த ஊரை மறக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் சீனி என்றுதான் பேசுகிறோம், கடையில் சர்க்கரை. இரண்டும் இனிப்பாகத்தான் இருக்கிறது.

பட்டா நிலம் எழுதி வாங்கினவனுக்கு மட்டும் சொந்தமென்றால் இந்தக் கடைவீதியில் பாதிக் கடை இருந்திராது. வந்தவரை நம்பி முதல் மூட்டையைக் கொடுத்த பெரியவர்கள் இருந்ததால்தான் நாம் இருக்கிறோம். அந்தக் கடனை அவர்களிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை; நம் படியேறி வருகிறவர்களிடம்தான் தீர்க்க வேண்டும். இதுபற்றிச் சில்லரைக் கடை நண்பர்கள் தங்கள் அனுபவத்தையும், மாறுபட்ட கருத்து இருந்தால் அதையும் இதழுக்கு எழுதும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.